கரையில் இருந்தவள்

உட்காரும்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காரு. காப்பி வச்சிருக்கேன், குடி. கசக்கும். எனக்குக் காப்பி போட வராது. அறுபது வயசு வரைக்கும் இந்த வீட்டுல எனக்கு அந்த அவசியமே வரல.

உன் பேரு என்னன்னு சொன்ன? பியூலா. சரி. என் கட்டுரைகள வச்சு முனைவர் பட்டத்துக்கு எழுதுத. எழுது. ஆத்துலயும் குளத்துலயும் நீந்தினத எழுதின பொம்பளைன்னு தமிழ்ல தேடினா வேற யாரும் கிடைச்சிருக்க மாட்டாங்க, அதான் என்கிட்ட வந்திருக்க. கேள்வியெல்லாம் தாள்ல எழுதிக் கொண்டாந்திருக்க. முதல் கேள்வி, “எப்போது நீந்தத் தொடங்கினீர்கள்?” அது எல்லாரும் கேக்கதுதான், புஸ்தகத்துலயே இருக்கு, பாத்து எழுதிக்கோ. கடைசிக் கேள்விய முதல்ல கேளு. இங்கேருந்தே தெரியுது. முப்பத்திரண்டு வருஷம் உயிரியல் டீச்சரா இருந்தவளுக்குத் தலைகீழா இருக்கதப் படிக்க வரும்.

“ ‘இந்த வாரத் தண்ணீர்’ தொடர் நாற்பத்தோராவது கட்டுரையுடன் நின்றது ஏன்?”

நிக்கல. நிறுத்தினாங்க. நாற்பத்திரண்ட நான் எழுதிக் கொடுத்தேன். அவங்க போடல. அதுதான் உண்மை, அத நீ எழுதணும். ஊர்ல வேற மாதிரி சொல்லுவாங்க. என் மூஞ்சிக்கு நேர யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா சொல்லுவாங்க. நீயும் கேட்டிருப்ப, பஸ்ஸ்டாண்டுல இந்தத் தெருவுக்கு வழி கேக்கும்போதே சொல்லியிருப்பாங்க. அதனால முழுசாக் கேட்டுக்கோ.

எனக்குத் தண்ணியப் பாத்தா இறங்கணும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். பஸ்ஸுல போகும்போது பாலம் வந்தா எந்திரிச்சு நின்னு பாப்பேன். எந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் பைக்குள்ள ஒரு சுடிதாரும் துண்டும் இருக்கும். தாலி கட்டி முடிச்ச கையோட நான் அந்த ஊர்க் குளத்துல கெடப்பேன். ஆறு, ஓடை, கிணறு, அணைக்கு மேல நிக்கிற தண்ணி, கல் வெட்டி விட்டுட்டுப் போன குழியில தேங்குன மழைத்தண்ணி, எதையும் விட்டதில்ல. நீச்சல்குளம்னு கட்டி வச்சிருக்காங்கள்லா, அதுல ஒரே ஒரு தடவ இறங்கினேன். மருந்து வாடை. அது தண்ணியில்ல, தண்ணி மாதிரி ஒண்ணு.

ஆத்துக்கு மேல்தோல் ஒண்ணு, உள்தோல் ஒண்ணு உண்டும்மா. மாரு வரைக்கும் வெதுவெதுன்னு இருக்கும், காலு ரெண்டும் பனியில நிக்கும். முங்கினா காதுக்குள்ள கூழாங்கல்லு உருளுத சத்தம் கேக்கும். மெல்லிசா. ஊர்ல யாரோ சோழி குலுக்குத மாதிரி. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுக் கரையேறினா ரெண்டு நாளைக்கு எனக்குக் கோபமே வராது. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கே தெரியும், “டீச்சர் இன்னைக்கு ஆத்துக்குப் போயிட்டு வந்திருக்காங்க”ன்னு.

ஆனா பொம்பள ஆத்துல குளிக்கலாம், துவைக்கலாம், நீந்தக்கூடாது. பாலத்து மேல சைக்கிள நிறுத்திட்டுப் பாப்பாங்க. அதுக்குக் கரையில ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் மதினி.

வடிவு மதினி. என் அண்ணன் பொண்டாட்டி. அண்ணன் நாப்பது வயசுல மாரடைப்புல போயிட்டான். ஒரே மக, சங்கரி. அப்பவே நான் சொல்லிட்டேன், நீங்க ரெண்டு பேரும் எங்கயும் போக வேண்டாம், நான் இருக்கேன்னு. நான்தான் வச்சிக்கிட்டேன். வீடு அண்ணன் பேர்லதான் இருந்துது, அது வேற விஷயம். கல்யாணம் வேண்டாம்னு இருந்த எனக்கு ஒரு துணையாச்சு, அவளுக்கு ஒரு நாதியாச்சு. சங்கரி கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போனப்புறம் நாங்க ரெண்டு பேருந்தான்.

நான் தண்ணியில கெடப்பேன், அவ கரையில உட்காந்திருப்பா. மடியில என் துணி, துண்டு, கண்ணாடி. பாலத்துல எவனாவது நின்னா அவனப் பாப்பா. ஒரு வார்த்த சொல்ல மாட்டா, ஏச மாட்டா. கண்ணெடுக்காமப் பாப்பா. அவன் சைக்கிள எடுத்துட்டுப் போயிருவான். மழையோ வெயிலோ, அவளா “போதும் ஏறு”ன்னு ஒரு நாள் சொன்னதில்ல. இருபத்திரண்டு வருஷம்.

பத்திரிகையில தொடர் வந்தப்ப, ஒவ்வொரு கட்டுரையிலயும் எங்கயாவது ஒரு வரி வந்துரும். “கரையில் மதினி உட்கார்ந்திருந்தாள்.” நான் யோசிச்சு வச்சதில்ல, அதுவா வந்துது. இருக்கத எழுதுதேன், அவ இருந்தா. அவ எட்டாங்கிளாசு வரைக்கும் படிச்சவ. இதழ் வந்ததும் அடுப்படியில உட்காந்து எழுத்துக்கூட்டி வாசிப்பா. அந்த வரி வந்ததும் அதுமேல விரல வச்சித் தடவிட்டு, அப்புறம் மடிச்சு வச்சிருவா. நான் வாசல்ல நின்னு பாத்திருக்கேன்.

வாசகர்கள் கடிதம் போட ஆரம்பிச்சாங்க. நான் எழுதின மீன்கொத்தியப் பத்திக் கேக்கல, நீர்மருதப் பூவப் பத்திக் கேக்கல. “உங்கள் மதினி எப்போது தண்ணீரில் இறங்குவார்?” இதே கேள்விதான். எல்லாம் பொம்பளைகதான் எழுதினாங்க. மன்னார்குடியிலேருந்து ஒருத்தி எழுதியிருந்தா, “நானும் என் வீட்டில் கரையில் இருக்கிறவள்தான், அவர் இறங்கும் நாளில் நானும் எதிலாவது இறங்குவேன்”ன்னு. நல்ல கடிதம். அத மதினிக்கு வாசிச்சுக் காட்டினேன். சாப்பிடும்போது ஒரு தடவ. அப்புறம் அவ துணி மடிக்கும்போது ஒரு தடவ. மூணாவது தடவையும் வாசிச்சேன்னு நினைக்கேன்.

நாலாம் நாள் அவளாக் கேட்டா. “ஆவுடை, நானும் இறங்கிப் பாக்கட்டா?”

அவளாக் கேட்டாம்மா. இத நல்லா எழுதிக்கோ. நான் வான்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல.

ஊருக்கு மேற்க ரெண்டு மைல்ல புன்னைக்கசம்னு ஒரு இடம். கசம்னா ஆத்துல ஆழமா, அசையாம நிக்கிற பகுதி. மேலயும் கீழயும் தண்ணி ஓடும், அந்த இடத்துல மட்டும் படுத்துக் கெடக்கும். அக்கரையில ரெண்டு நீர்மருத மரம், வேரெல்லாம் தண்ணிக்குள்ள. கார்த்திகைக் கடைசியில ஆரம்பிச்சோம். சுடிதார் போட்டுக்கோ மதினின்னு சொன்னேன். “இந்த வயசுலயா, சங்கரி மாமியா வீட்டுல கேள்விப்பட்டா என்ன நினைப்பாங்க”ன்னா. சேலையத் தூக்கிச் செருவிக்கிட்டு இறங்கினா.

முப்பத்தொம்பதாவது கட்டுரை, அவ முழங்கால் தண்ணியில நின்னது. நாப்பதாவது, மிதந்தது. என் ரெண்டு கை மேல மல்லாக்கப் படுத்திருந்தா. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, கால் வெரல் பத்தும் விறைச்சு. நான் கைய மெல்ல எடுத்தேன். அவ மிதந்தா. கொஞ்ச நேரம் அப்படியே கெடந்தா. அப்புறம், “ஆவுடை”ன்னு கூப்பிட்டா. சத்தமா. நான் பக்கத்துலதான் நிக்கேன், எதுக்கு அவ்வளவு சத்தமுன்னு தெரியல. காது தண்ணிக்குள்ள இருக்குல்லா, அதனால இருக்கும்.

“என்ன மதினி?”

“தலைக்குள்ள ஒண்ணுமே கேக்கலட்டி. உங்க அண்ணன் போனதிலேருந்து ஏதாவது ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கும். இப்ப ஒண்ணுமில்ல.”

அந்த வரிய அப்படியே எழுதினேன். அது என் வரின்னு நினைச்சு எல்லாரும் பாராட்டினாங்க. ஒரு கல்லூரியில கூப்பிட்டு அத மேடையில வாசிக்கக்கூட வச்சாங்க. மதினி பின்வரிசையில உட்காந்து கேட்டுக்கிட்டு இருந்தா. கைதட்டும்போது அவளும் தட்டினா.

நாப்பத்தொண்ணு, அவ முதல் பத்துக் கை நீந்தினது. அது வந்ததும் பத்திரிகைக்காரர் போன் பண்ணினார். “டீச்சர், பொங்கல் மலருக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கியிருக்கேன். ஓவியம் தனியா. மதினி அக்கரைக்குப் போயிரட்டும். வாசகிகள் அதுக்குத்தான் காத்திருக்காங்க.” வியாழக்கிழமைக்குள்ள வேணும்னார். எனக்கும் சரின்னு பட்டுது. அவ நடு ஆத்து வரைக்கும் போயித் திரும்பிட்டுத்தான இருந்தா? பாதி தூரம் போயித் திரும்பினாலும் முழு தூரம் போனாலும் கணக்கு ஒண்ணுதான். அறிவியல் படிச்சவ நான், யோசிச்சுத்தான் சொன்னேன்.

கட்டுரையச் செவ்வாக்கிழமையே எழுதிட்டேன். அவ இறங்குதது, பனி, மருதமரம், எல்லாம். கடைசிப் பத்திதான் பாக்கி. அக்கரையத் தொடும்போது அவ முகம் எப்படியிருக்கும்னு பாத்து எழுதணும். கற்பனையா எழுதியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகுது? ஆனா பாக்காத ஒண்ண நான் என் வாழ்நாள்ல எழுதினது கிடையாது. அது என் ஒழுக்கம்மா. உன் ஆராய்ச்சியில அதுக்கு ஒரு தனித் தலைப்பே போடலாம்.

புதன்கிழமை காலையில ஏழு மணி இருக்கும், போனோம். மேல மலையில ரெண்டு நாளு மழை. இறங்குத இடத்துக்குப் பக்கத்துல எருமை முதுகு மாதிரி ஒரு பாறை எப்பவும் தெரியும். அன்னைக்கு அதக் காணல. “எருமை முழுசாக முங்கிவிட்டது”ன்னு மனசுல ஒரு வரி ஓடுச்சு. நல்ல வரி. அத எழுத இன்னைக்கு வரைக்கும் எனக்கு இடம் கிடைக்கல.

மதினி கரையில நின்னா. தலையில துண்டு சுத்தியிருந்தா, மார்கழிப் பனியில அவளுக்கு ஒரு வாரமா இருமல்.

“ஆவுடை, தண்ணி கூடிருக்கோ?”

“ஒரு சாண் கூடிருக்கும். ஒண்ணும் செய்யாது.”

“ஓடுத மாதிரியில்ல இருக்கு?”

“மேல லேசா ஓடும். கீழ அப்படியேதான் கெடக்கும்.”

“நாளைக்குப் பாக்கலாமா? நெஞ்சுல சளி கட்டிருக்கு.”

“நாளைக்கு வியாழக்கிழமை மதினி.”

மதினி தலையில இருந்த துண்ட எடுத்து மடிச்சுக் கல்லு மேல வச்சா. என் கண்ணாடிய வாங்கி அந்தத் துண்டுக்கு உள்ள பத்திரமா வச்சா. கிட்டக்க இருக்கதப் படிக்கத்தான் எனக்குக் கண்ணாடி. தூரத்துல இருக்கது நல்லாத் தெரியும்.

நான் முதல்ல அக்கரைக்குப் போயி நிக்கணும்னு திட்டம். அப்பத்தான அவ வரும்போது முகம் தெரியும்? போனேன். லேசா இழுத்துது, இல்லன்னு சொல்ல மாட்டேன். எனக்கு அது ஒண்ணுமில்ல. மருத வேர்ல ஏறி நின்னுக்கிட்டு, வா மதினின்னு கையக் காட்டினேன். அவ இறங்கினா. நல்லாத்தான் வந்தா. தலை மேல, கை ரெண்டும் ஒரே சீரா, நான் சொல்லிக் கொடுத்தபடி. கால்வாசி தூரம் வந்திருப்பா.

அப்ப மேல்பக்கம் ஒரு சத்தம். விசில் அடிக்க மாதிரி. திரும்பினேன். நீர்நாய்.

உனக்குத் தெரியாதும்மா, இந்த ஆத்துல நீர்நாய் இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பாத்தவங்க ஆயிரத்துல ஒருத்தர். எச்சத்தப் பாத்திருக்கேன், கால்தடத்தப் பாத்திருக்கேன், முப்பது வருஷத்துல அத நேர்ல பாத்ததில்ல. அன்னைக்குப் பதினஞ்சு அடி தூரத்துல ஒரு தாயும் ரெண்டு குட்டியும். குட்டிக்கு இன்னும் மயிர் முழுசா வளரல, கழுத்துக்குக் கீழ சாம்பல் நிறம். தாய் ஒரு முங்கு முங்கிட்டு மேல வந்துது, வாயில கெண்டை. கரையோரத்துல ஒரு பாறை மேல போட்டுது. நீர்நாய் தலையிலேருந்துதான் திங்கும். தலையக் கடிச்சுத் தின்னுட்டு மிச்சத்தக் குட்டிக்குத் தள்ளிவிட்டுது. குட்டி ரெண்டுக்கும் சண்டை. ஒண்ணு வால் பக்கத்தப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. தாய் மறுபடி முங்கிப் போயி இன்னொரு மீனக் கொண்டாந்துது. அப்பத்தான் சண்டை தீந்துது.

அதுக்கு நடுவுலதான் மதினி கூப்பிட்டா. “ஆவுடை”ன்னு. ரெண்டு தடவ.

சந்தோஷத்துல கூப்பிடுதான்னு நினைச்சேன். மிதந்த அன்னைக்கும் அப்படித்தான கூப்பிட்டா? அதே சத்தந்தான். நான் திரும்பாமலே கைய ஆட்டினேன், பொறு, சத்தம் போடாதன்னு. நீர்நாய் பயந்திரும்லா.

மூணாவது தடவ கூப்பிடல. அத நான் கவனிச்சேன். சரி, கைய ஆட்டினதப் பாத்துட்டா, சத்தம் போடாம வாரான்னு நினைச்சேன். அவ சொன்னாக் கேக்கவ.

நீர்நாய் போனப்புறம் திரும்பினேன். ஆத்துல யாருமில்ல. அவ இறங்கின கரையில, கல்லு மேல துண்டு இருந்துது. ஏறிட்டா போலன்னு ஒரு நிமிஷம் கரையப் பாத்தேன். கரையிலயும் இல்ல.

குதிச்சேன். முங்கினேன். எட்டுத் தடவ முங்கினேன், எண்ணிக்கிட்டே முங்கினேன். தண்ணி கலங்கல், நீட்டின கை தெரியல. நான் கத்தினதக் கேட்டுட்டு ஆடு மேச்சுக்கிட்டு நின்ன இசக்கிமுத்து ஓடியாந்தான். அம்பது வயசு ஆளு, வேட்டியோட குதிச்சான். அவனுக்கு அந்தக் கசம் நல்லாப் பழக்கம். எங்க தேடணும்னு யோசிக்கவே இல்ல, நேராக் கீழ்ப்பக்கத்து மருதமரத்துக்குப் போனான். வேருக்குள்ள சேலை சிக்கி, அதுக்கு அடியில அவ இருந்தா.

சேலைதாம்மா. ஆறு கெஜம் காலச் சுத்திக்கிட்டா எவ்வளவு நீச்சல் தெரிஞ்சாலும் என்ன செய்ய முடியும்? சுடிதார் போடுன்னு முதல் நாளே சொன்னேன். அது கட்டுரையிலயும் இருக்கு, முப்பத்தொம்பதுல, பாத்துக்கோ.

கரையில போட்டு வயித்த அமுக்கினான், நெஞ்ச அமுக்கினான், நானும் அமுக்கினேன். ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். அவங்க பாத்துட்டு வேற ஒண்ணும் செய்யல. ஸ்டேஷன்லேருந்து வந்து எழுதினாங்க, “குளிக்கச் சென்ற இடத்தில் தவறி விழுந்து”ன்னு. தவறி விழல, நீந்திக்கிட்டு இருந்தா, அப்படி மாத்துங்கன்னு சொன்னேன். அந்த ஏட்டு என்னைய ஒரு மாதிரியாப் பாத்தார். “அறுபது வயசு அம்மா நீந்திக்கிட்டு இருந்தாங்கன்னா எதுக்குன்னு கேப்பாங்க டீச்சர், இப்படியே இருக்கட்டும்”ன்னார். கடைசி வரைக்கும் மாத்தல. அவ நீந்தினான்னு ஒரு அரசாங்கக் காகிதத்துல இருந்திருக்கலாம்.

சங்கரி அன்னைக்குச் சாயங்காலம் வந்தா. அழுதா, காரியம் எல்லாம் பண்ணினா. பதினாறு நாளும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. பதினேழாம் நாள் காலையில, பை எல்லாம் கட்டி வச்சிட்டு, இந்தா நீ உட்காந்திருக்க இடத்துலதான் வந்து உட்காந்தா.

“அத்தை, ஒண்ணு கேக்கட்டா. அம்மா கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டா. ரெண்டு தடவ.”

“நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். முங்கியிருந்தேன், கேக்கலன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. நீர்நாய் பாத்துக்கிட்டு இருந்தேன்னு உள்ளதச் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் என்னையவே பாத்தா. அவ அம்மா, பாலத்துல நிக்கிறவங்களப் பாப்பாள்லா, அதே மாதிரி. அப்புறம் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயி, அவ அம்மா அடுக்கி வச்சிருந்த நாப்பத்தொரு இதழையும் எடுத்துப் பையில வச்சிக்கிட்டா. கிடந்த பாத்திரத்த எல்லாம் கழுவிக் கவுத்தினா. “வாரேன்”னு சொல்லல, போயிட்டா. மூணு வருஷமாச்சு. என் போன எடுக்க மாட்டா. உண்மையச் சொன்னதுக்கு இது கூலி.

சங்கரி கிளம்பின அந்த வாரமே நாப்பத்திரண்ட உட்காந்து எழுதினேன். ஏற்கெனவே எழுதி வச்சிருந்ததக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா. அழுதுக்கிட்டேதான் எழுதினேன், கல்லு மாதிரி இருந்தேன்னு நினைச்சிராத. ஆனா எழுத்துல அழுகை தெரியக்கூடாதுல்லா? நடந்தத நடந்தபடி எழுதினேன். அனுப்பினேன். பத்து நாள் பதில் இல்ல. நானே போன் பண்ணினேன்.

“டீச்சர்...”ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டார்.

“என்ன, நீளமா?”

“நீளமில்ல டீச்சர். இது ஆறு பக்கம். அதுல நாலு பக்கம் நீர்நாய் வருது.”

“அது நடந்தபடிதான எழுதியிருக்கேன்?”

“அதுதான் டீச்சர். நடந்தபடிதான் இருக்கு.”

அவ்வளவுதான். கொஞ்ச நாள் போகட்டும்னார். கொஞ்ச நாள்னா எத்தனை நாள்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. புஸ்தகம் போட்டப்ப நாப்பத்தொண்ணோட போட்டாங்க. நீர்நாய் வேட்டையாடுதத இவ்வளவு கிட்டக்கப் பாத்துத் தமிழ்ல யாரும் எழுதினதில்லம்மா. அது என் அலமாரியில கெடக்கு. உன் ஆராய்ச்சிக்குப் பின்னிணைப்பா வேணும்னா தாரேன், நகல் எடுத்துக்கோ.

ஊர்ல என்ன சொல்லுதாங்க தெரியுமா, நான்தான் அவளத் தள்ளினேன்னு. தள்ளல, தண்ணிக்குள்ள கொண்டு போனேன். ஒரு மாசம் அவ எவ்வளவு சந்தோஷமா இருந்தா, அத யாராவது பேசுதாங்களா? கரையில உட்காந்தே செத்திருந்தா நல்லதுங்காங்களா? ஒரு பொம்பள தன் ஆசைக்குன்னு அறுபது வயசுல ஒண்ணு செஞ்சா. அத நான்தான் பாத்தேன். அவ ஆசைப்பட்டா. அவளாக் கேட்டா.

இப்படித்தான் நான் இசக்கிமுத்துக்கிட்டயும் சொன்னேன்.

மதினி போனதுக்கு அடுத்து வந்த சித்திரையில. ஆறு வத்தி, கசம் மட்டும் பச்சையா நின்னுது. நான் அப்பவும் போயிக்கிட்டுத்தான் இருந்தேன், வாரத்துல மூணு நாள். அன்னைக்கு நீந்திட்டு ஏறி, தலை துவட்டிக்கிட்டு இருந்தேன். அவன் ஆட்ட விட்டுட்டுப் பக்கத்துல வந்து நின்னான். நான்தான் பேச்ச ஆரம்பிச்சேன். உனக்குச் சொன்னதத்தான் சொன்னேன். மதினிக்கு இந்த ஆறுன்னா எவ்வளவு ஆசை, இந்த இடத்துல அவ எப்படி மிதந்தான்னு.

அவன் கம்ப ஊனிக்கிட்டுக் கேட்டான். கேட்டுட்டு, “அம்மா தனியா வருவாங்க டீச்சர்”ன்னான்.

“எங்க?”

“இங்கதான். நீங்க நூலகத்துக்குப் போற நாள்ல, மத்தியானம். இறங்குத இடத்துப் பாறையப் பிடிச்சுக்கிட்டுக் காலடிச்சுப் பழகுவாங்க. இடுப்பளவு தண்ணியிலதான். ஆழத்துக்குப் போக மாட்டாங்க. நான் ஒரு நாள் சொன்னேன், தனியா இறங்காதீங்கம்மா, இந்தக் கசம் பாக்கத்தான் சும்மா கெடக்கும்னு.”

எனக்கு அதக் கேட்டதும் நெஞ்சு நிறைஞ்சு போச்சு. பாத்தியா, எனக்குத் தெரியாம, யாருக்கும் தெரியாம வந்திருக்கா, எவ்வளவு ஆசை இருந்திருக்கணும்னு நினைச்சேன். “பாத்தியா இசக்கிமுத்து, நான் சொன்னேம்லா”ன்னேன்.

அவன் ஆத்தப் பாத்துக்கிட்டே நின்னான். சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சிருப்பான் போல.

“ஆசையில்ல டீச்சர். நான் கேட்டேன், உங்களுக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதுன்னு. மிதக்கது நல்லாத்தான் இருக்கு, நடு ஆத்துக்குப் போனா எப்படா கரை வரும்னு இருக்குன்னாங்க. எங்க ஆவுடை எழுதுததுக்கு நான் ஒரு தடவ அக்கரைக்குப் போகணும், அவ வாயால கேக்க மாட்டா, ஆனா எனக்குத் தெரியும்னாங்க. போயிட்டு வந்துட்டா அவ எழுத்து முடிஞ்சிரும். அப்புறம் நான் பழையபடி கரையில உட்காந்துக்கிடுவேன்னு சொன்னாங்க.”

வெயில் ஏறிக்கிட்டு இருந்துது. ஆடுக கரையோரமா இறங்கித் தண்ணி குடிச்சிட்டு நின்னுது.

நான் அவங்கிட்ட எத்தனை ஆடு நிக்குன்னு கேட்டேன். அவன் சொன்னான்.

அதுலேருந்து ஆத்துக்குப் போகல. முழங்கால் வலி, அதான். டாக்டர் ஈரத்துல நிக்காதீங்கன்னுட்டார்.

எனக்கு ஞாபகம் தப்பாதும்மா. எந்த வருஷம், எந்த ஓடையில, என்ன பறவை, அது வாயில என்ன மீன், எல்லாம் சொல்லுவேன், நீ கேட்டுப் பாரு. ஆனா அன்னைக்கு அவன் எத்தனை ஆடுன்னு சொன்னான்னு எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்கு.